ஈசியில் ஜெயித்தால் கணக்கில்லை

சிறுவயதைப் பற்றிச் சொல்லச் சொன்னால் என்னுடையதில் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள், அடுப்படிக்கு வந்தேன், அவ்வளவுதான். எனக்கு மறக்காமல் நிற்பது தம்பி மகளின் சிறுவயதில் ஒரு மழைக்காலம். அப்போது அவளுக்கு ஒன்பது வயது இருக்கும்.

அந்த வருஷம் தம்பி மனைவிக்கு எங்கள் தீவு ஆஸ்பத்திரியில் முடியாது, மேல் சிகிச்சைக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டு கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். தம்பியும் கூடப் போனான். பத்துபஸ்தியில் எங்கள் வீட்டில் பிள்ளையும் நானும் மட்டும். அவள் கையில் அம்மாவின் பழைய போன். அதில் ஒரு விளையாட்டு.

வாள் பிடித்த ஒரு சிறுமி. குகைக்குள் பாஸ் என்று ஒரு ராட்சசன். அவனிடம் நேரே போனால் ஒரே அடியில் சாவுதான். அதனால் முதலில் கடற்கரையில் நண்டு அடிக்க வேண்டும். அடிக்க அடிக்க ஒரு மஞ்சள் கோடு நீளும். கோடு நிறைந்தால் ஒரு லெவல் ஏறும், சிறுமிக்குக் கொஞ்சம் பலம் கூடும். பள்ளிக்கூடம் போகும்போது இந்த வேலையை என்னிடம் ஒப்படைத்துவிட்டுப் போவாள்.

"அத்தே, குகைப் பக்கம் மட்டும் போயிராத. நண்டு அடி, பஸ், அது போதும்."

தேங்காய் திருகித் திருகிக் காய்ந்துபோன என் விரலைப் போன் மதிக்காது. ஈரத்துணியில் துடைத்துத் துடைத்துத் தட்டுவேன். ஆரம்பத்தில் நாலைந்து நண்டுக்கே லெவல் ஏறியது. போகப்போக, சோறு வடித்ததிலிருந்து அவள் திரும்பும் வரை அடித்தாலும் கோடு நகர்ந்த மாதிரியே இராது. யாராவது வந்தால் போனை முந்தானையில் மறைத்துக்கொள்வேன். இந்த வயதில் நண்டு அடிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது.

சாயங்காலம் அவள் பாஸிடம் போவாள். பாதி உயிர் போனதும் அவன் வேறு உருவம் எடுப்பான், பழைய பலமெல்லாம் திரும்பிவிடும். தோற்றுத் தோற்று, ஒருநாள் திரையில் இங்கிலீஷில் ஏதோ கட்டம் வந்தது.

"என்னடி கேக்குது?"

"ஈசி ஆக்கவான்னு கேக்குது."

"ஆக்கிக்கோயேன். இம்புட்டு முஷ்கிலா, கஷ்டமா இருக்குல்ல."

முட்டாளைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தாள். "ஈசில அடிச்சா அம்மாவுக்கு எப்படி அத்தே சரியாகும்?"

அப்போதுதான் தெரிந்தது. அம்மா வருவதற்குள் பாஸைக் கொன்றுவிட்டால் அம்மா பிழைத்துவிடுவாள் என்று பிள்ளை தனக்குள் பந்தயம் கட்டியிருக்கிறது. அன்றிலிருந்து துணி துவைப்பதைக்கூடத் தள்ளிவைத்து நண்டு அடித்தேன். நம்பினாயா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எனக்குச் செய்ய வேறு எதுவும் இல்லை.

தம்பி போனில் சொன்னான்: "மொதல்ல இருந்த எடத்துல கட்டி கொறைஞ்சிருச்சுக்கா. இப்ப வேற எடத்துல வந்திருக்காம்."

அடுத்த தடவை பேசியபோது, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாங்கக்கா" என்றான். சொன்னதும் போனை வைத்துவிட்டான். எனக்கு அர்த்தம் புரிந்தது. போனில் காதை ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளை எழுந்து குதித்தது. பிறகு முகம் மாறியது. "அம்மா வர்றதுக்குள்ள முடிக்கணுமே அத்தே."

அவர்கள் வந்த அன்று காலையில் முடித்தாள். சிறுமியின் உயிர்க்கோடு நூல்போல மிச்சமிருந்தது. கத்தவில்லை, போனைப் பாவாடையில் துடைத்துத் தரையில் வைத்தாள். கூரைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடினாள்.

தம்பி தன் மனைவியைக் கைக்குழந்தை மாதிரி தூக்கிவந்து படுக்க வைத்தான். அவ்வளவு இலேசாக இருந்தாள்.

"அம்மா, பாஸ் மர்கயா. செத்தே போயிட்டான். ஈசி பண்ணல. வேணும்னா அத்தைகிட்ட கேளு."

"ஆமா," என்றேன். "ஈசி பண்ணல."

"எம்புள்ள கெட்டிக்காரி," என்று அவள் பிள்ளையின் கன்னத்தைத் தொட்டாள்.

மத்தியானம் பார்த்தால், அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து மறுபடி போனைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். அதே கடற்கரை, அதே நண்டு. மஞ்சள் கோடு மட்டும் காலி.

"அதான் ஜெயிச்சாச்சே, இன்னும் எதுக்குடி நண்டு?"

"இது அம்மாவோட ஆட்டம். புதுசா, லெவல் ஒண்ணுலருந்து. நீயும் அடிச்சுக் குடு அத்தே. ரொம்ப நாளாகும். ஆகட்டுமே, அம்மா இனிமே வீட்டுலதான இருப்பாங்க."

தம்பி எழுந்து வெளியே போனான். நான் ஈரத்துணியைத் தேடினேன்.