என் மகள் தினமும் மௌத்தாகிற விளையாட்டு

தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என் மகள் ஷிஃபா எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து மௌத்தாகிறாள். ஒரு தடவை, இரண்டு தடவை இல்லை. நான் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருப்பேன். "வாப்பா, மறுபடியும் மௌத்தாயிட்டேன்!" என்று குரல் வரும். கத்தி கைதவறும். மௌத் என்றால் மரணம். அதிராம்பட்டினத்தில் எங்கள் ஆட்கள் 'செத்துப்போனார்' என்று சொல்ல மாட்டார்கள், அது மரியாதை இல்லை. இங்கிலாந்துக்கு வந்த பிறகு வீட்டுக்குள் தமிழ் தவிர வேறு பேச்சு கூடாது என்று சட்டம் போட்டவன் நான்தான். அவளும் சட்டப்படி, மரியாதையாக, அரக்கனிடம் வெட்டுப்பட்டு மௌத்தாகிறாள். இதற்கு நான் சந்தோஷப்படுவதா பயப்படுவதா, நீங்களே சொல்லுங்கள்.

அது ஒரு வீடியோ கேம். கறுத்த வானம், கருகிய காடு, வழியெல்லாம் எலும்பு. வாள் வைத்திருக்கும் ஒரு பெண்ணாக ஷிஃபா அதற்குள் நடக்கிறாள். அவளுக்குப் பதினாலு வயது. கேம் அட்டையில் பதினாறு என்று போட்டிருக்கிறது. "கூடப் படிக்கிற பிள்ளைங்க எல்லாம் விளையாடுதாம், விடுங்களேன்" என்று வாங்கிக் கொடுத்தவள் என் மனைவி. எனக்கு மனசு ஒப்பவில்லை. அட்டையை எடுத்துக்கொண்டு கடைக்கே போய், சின்னப் பிள்ளைகளுக்கு இது சரிப்படுமா என்று கேட்டேன். கவுண்ட்டரில் இருந்த அம்மா உதட்டைப் பிதுக்கி, "இட்ஸ் வெரி டார்க்" என்றாள். அதற்கென்ன, லைட்டைக் கூட்டிக்கொள்ள முடியாதா என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பாவம், செட்டிங்ஸில் வெளிச்சத்தை எங்கே கூட்டுவது என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கூட்டினேன். எலும்புகள் இன்னும் நன்றாகத் தெரிந்தன.

யோசித்துப் பார்த்தால் எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது. எட்டு வயதில் நான் மதரஸாவில் ஓதிக்கொண்டிருந்தபோது, புதைகுழியான கப்ருக்குள் என்னென்ன நடக்கும் என்று உஸ்தாது விலாவாரியாகச் சொல்லுவார். பாம்பு, தேள், இரண்டு பக்கமும் நெருக்குகிற மண். ராத்திரி போர்வைக்குள் என் விலா எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். அதன்மேல் யாரும் பதினாறு என்று எழுதி ஒட்டவில்லை. அது என்னைக் கெடுத்ததா, திருத்தியதா? இன்றைக்கும் தெரியாது. இதில் நான் என் மகளுக்குத் தீர்ப்புச் சொல்லப் போகிறேனாம்!

போன மாதம் நடந்த கூத்துதான் என்னை வசமாக மாட்டிவிட்டது. ஊரில் இருக்கும் என் ராத்தா, அதாவது அக்கா, ஒருநாள் வீடியோ காலில் அந்த விளையாட்டைப் பார்த்திருக்கிறாள். "யாருடி அந்தத் தாடிக்காரர்?" என்று கேட்டிருக்கிறாள். கதையில் வருகிற வாப்பா என்று ஷிஃபா சொல்லியிருக்கிறாள். ராத்தா அதோடு மறந்துவிட்டாள், பிள்ளை மறக்கவில்லை. அடுத்த வாரம் ராத்தா சும்மா போன் போட்டு, "வாப்பா எப்படி இருக்காங்க?" என்று கேட்டபோது, இவள் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "வாப்பா மௌத்தாயிட்டாங்க மாமி. நான்தான் தூக்கிட்டுப் போறேன்" என்றாளாம். அந்தப் பக்கம் போன் கீழே விழுந்த சத்தம் கேட்டதாம். சிக்னல் போய்விட்டது என்று நினைத்து இவள் விளையாடப் போய்விட்டாள்.

நான் அப்போது வேலையில். குடோனுக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்து பார்த்தால் திரை நிறைய மிஸ்டு கால், அதற்குக் கீழே குடும்பக் குரூப்பில் 'இன்னா லில்லாஹி' என்று வரிசையாக மெசேஜ். மௌத்துச் செய்தி கேட்டால் எங்கள் ஆட்கள் சொல்வது அது. எனக்கே என் மௌத்துச் செய்தி! ராத்தாவைக் கூப்பிட்டேன்.

"யாருங்க பேசுறது?"

"நான்தான் ராத்தா."

"அடப்பாவி! உசிரோடயா இருக்கே?" என்று அலறிவிட்டு, அப்புறம் வெகுநேரம் அழுதாள். நானும் அழுதேன், ஏன் என்று தெரியாமல்.

அதற்குள் அங்கே வாசலில் வாடகை நாற்காலி வந்து இறங்கியாகிவிட்டது. பட்டுக்கோட்டை மச்சான் காரை எடுத்துவிட்டார். அதெல்லாம் போகட்டும். என்னை எங்கே அடக்குவது என்று சண்டையே நடந்திருக்கிறது. மௌத்தான இடத்திலேயே சீக்கிரம் அடக்குவதுதான் மார்க்கம் என்று பள்ளிவாசல்காரர்கள் சொல்ல, "என் தம்பியைத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கொண்டு வாங்க, எங்க வாப்பா பக்கத்துல இடம் இருக்கு" என்று ராத்தா ஒற்றைக்காலில் நின்றிருக்கிறாள். வெளிநாட்டில் பிழைப்பவனை எங்கள் ஊரில் சபுராளி என்பார்கள். சபர் என்றால் பயணம். சபுராளி என்றால் பயணத்தில் இருப்பவன். தொண்ணூறுகளில் பாஸ்போர்ட் எடுக்காதவனுக்குப் பெண் கொடுக்க யோசிப்பார்கள். நானும் எடுத்தேன், கிளம்பினேன். பயணம் எங்கே முடியும் என்று அன்றைக்கு யார் கேட்டது?

"முதல்ல அந்த முசீபத்தை, அந்தப் பீடை பிடிச்ச கேமை, ஒடச்சுக் குப்பையில போடு" என்று உத்தரவு போட்டாள் ராத்தா. சரி, உடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை முழுசாகப் பார்த்துவிடலாம் என்று மறுநாள் ஷிஃபா பக்கத்தில் உட்கார்ந்தேன்.

தாடிக்காரர் ஏதோ ஒரு அந்நிய ஆற்றங்கரையில் இறந்து கிடந்தார். திரையில் இரண்டு வழி கொடுத்திருந்தார்கள். இங்கேயே அடக்கலாம், இல்லையென்றால் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். "எல்லாரும் இங்கயே அடக்கிட்டு அடுத்த கட்டத்துக்குப் போயிடுவாங்க வாப்பா" என்றாள். "தூக்கினா ரெண்டு கையும் போயிடும். வாள் எடுக்க முடியாது. அதான் வழியில மௌத்தாயிடுறேன்."

"எத்தனை நாளா இப்படி?"

"நோன்பு முடிஞ்சதிலேர்ந்து."

"ஏம்மா இந்தக் கஷ்டம்?"

"அவருக்கு அங்க வீடு இருக்குல்ல?" என்றாள். பிறகு, சோறு வேண்டுமா என்று கேட்பது போலக் கேட்டாள். "உங்களுக்கு இங்கயா, அங்கயா?"

மௌத்தான இடத்திலேயே அடக்குவதுதான் சரி என்று பள்ளிவாசல்காரர்கள் சொன்னதையே ஒப்பித்தேன்.

"அப்போ நான் செய்றது தப்பா?" என்று முகம் வாடிப்போய், திரையில் இருந்த அம்புக்குறியை 'இங்கேயே அடக்கு' என்ற வரிக்கு நகர்த்தினாள். கட்டைவிரல் பொத்தான்மேல் இருந்தது.

"வேணாம்!" என்று கத்திவிட்டேன். அவள் மட்டுமில்லை, நானும் திடுக்கிட்டேன். "வேணாம்மா. தூக்கிக்கிட்டுப் போ."

அவள் தூக்கினாள். அவ்வளவு பெரிய உடம்பு, அவ்வளவு சின்னத் தோள். ஆற்றுக்குள் இறங்கி நடந்தாள். தண்ணீர் இடுப்பளவு ஏறியது. பின்னால் விட்டு வந்த கரை இருட்டில் மறைந்தது, எதிர்க்கரை இன்னும் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து ராத்தா போன்.

"என்னடா, ஒடச்சிட்டியா இல்லையா?"

திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். "இல்ல ராத்தா. பாதி ஆத்துல இருக்கோம்."