நீலத்துக்குக் கீழே பச்சை

தின்கன்ஜூனில் எனக்கு ஒரு சின்னப் பெயின்ட் பட்டறை இருக்கிறது. நிறம் கலப்பது நான், அடிப்பது என் அக்கா வீட்டுக்காரர். வருவதெல்லாம் பெரும்பாலும் உரசல் வாங்கிய ஜப்பான் கார்கள்தான். அதனால் ஒரு நாள் காலை லாரியில் கட்டி ஒரு பழைய அமெரிக்கக் கார் வந்து இறங்கியபோது பக்கத்து டீக்கடையே எழுந்து வந்து பார்த்தது.

கூட வந்த அம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். பர்மியில் டீச்சரம்மாவைச் சொல்வது போல ஸயாமா என்றுதான் கூப்பிட்டோம். அவருடைய அப்பா துறைமுகத்தில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றிக்கொடுத்தவராம். அவர் போன பிறகு அவருடைய இந்தக் கார் இன்சீனில் ஸயாமாவின் அண்ணன் வீட்டுக் கொட்டகையிலேயே நின்றிருக்கிறது.

"கம்பெனியில இருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படியே வேணும் தம்பி. அதே நீலம்" என்றார்.

எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்னத் தகடு இருந்தது. அதில் பெயின்டுக்கான எண்ணும் இருந்தது. போனில் தேடினேன். வந்தது நீலம் இல்லை, வெளிறிய பச்சை. என் போனில் ஒரு பச்சை, மச்சான் போனில் வேறொரு பச்சை. வெயிலே படாத இடத்தைப் பார்த்தால்தான் சரி என்று பின்சீட்டைக் கழற்றினோம். சீட்டுக்குப் பின்னால் இருந்த தகரத்தில் பச்சை அன்று அடித்தது போல இருந்தது. இளம் வாழைக்குருத்தில் ஒரு சொட்டுப் பால் விட்டால் வரும் நிறம்.

ஸயாமாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து பார்த்தார்.

"இது வேற யாரோட காரோ" என்றார்.

பொய் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்தது அதுதான். நான் ஒரு துணியில் தின்னரை நனைத்துப் பச்சையின் ஓரத்தில் துடைத்தேன். துணியில் நிறம் இறங்கியது. அந்தக் காலத்துக் கம்பெனி பெயின்ட் அப்படித்தான் கரையும். வெளியே கதவில் இருந்த நீலத்தைத் துடைத்தபோது ஒன்றும் வரவில்லை. மச்சான் நகத்தால் சுரண்டிப் பார்த்தார். நீலத்துக்குள் ஒரு பிரஷ் மயிர் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது கப்பலுக்கு அடிக்கிற பெயின்ட். கையாலயே அடிச்சிருக்காங்க" என்றார்.

ஸயாமா அந்த நீலத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, "எங்க வீட்டு ஜன்னல் கம்பி, அம்மாவோட தையல் மிஷின் மேசை எல்லாமே இந்த நீலந்தான்" என்றார். "ஆனா நல்லா இருந்த பச்சைய எதுக்கு மூடணும்?"

அந்தக் கேள்வி எனக்கும் ஒட்டிக்கொண்டது. நீலத்தை உரிக்க நான்கு நாள் ஆனது. எல்லா இடத்திலும் அடியில் பச்சை வந்தது. இடது பின்கதவில் மட்டும் இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் பச்சையே இல்லை. பள்ளத்தை நிரப்பிய பழைய பட்டிப் பூச்சு, அதைச் சுற்றித் தட்டி நிமிர்த்திய சுத்தியல் தடம். கதவு எங்கோ பலமாக இடித்திருக்கிறது. அந்தப் பச்சையை அன்று இங்கே யாராலும் கலக்க முடிந்திருக்காது. ஒட்டுப்போட்டது தெரியாமல் இருக்க வேண்டுமானால் கார் முழுவதையும் மூடுவதுதான் வழி.

இதைச் சொன்னதும் ஸயாமா அங்கேயே நின்று அண்ணனுக்குப் போன் போட்டார். அண்ணன் அவரைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"அது அம்மா இடிச்சது."

"அம்மாவா? அம்மா எங்க கார் ஓட்டினாங்க?"

"அப்பா ஆத்துக்கு அக்கரையில டாலா பக்கம் போயிருந்தாரு. அம்மா எடுத்து ஓட்டிப் பார்த்தாங்க. உள்ள திருப்பும்போது கேட் தூணுல சாத்திட்டாங்க. நீ அப்ப கைக்குழந்தை. அப்பா ஒரு வார்த்தை கேக்கல. ரெண்டு நாள் உக்காந்து நீலம் அடிச்சாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சொன்னாரு."

"இத்தனை வருஷமா நீயும் சொல்லல."

"நீ கேக்கலயே."

போனை வைத்த பிறகு ஸயாமா அந்தக் கதவின் முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா சைக்கிள்கூட ஏறி அவர் பார்த்ததில்லையாம். நீலமா, பச்சையா என்று நான் கேட்கவே இல்லை. போகும்போது அவராகவே, "பச்சையே அடிங்க தம்பி. அவங்க ஓட்டினது பச்சைக் கார்தானே" என்றார்.

நிறம் பிடிக்க ஒரு வாரம் போனது. டியூப்லைட்டில் பொருந்தியது வெயிலில் பொருந்தவில்லை. கடைசியில் காலை வெளிச்சத்தில் மட்டும் கலந்தேன். மேலே பளபளப்புக்கு அடிக்கிற நிறமில்லாத கிளியர் பூச்சு போடக்கூடாது என்றேன். அந்தக் காலத்துக் கம்பெனியில் அது கிடையாது, அந்தப் பளபளப்பு தேய்த்துத் தேய்த்து வந்தது, கண்ணாடி மாதிரி இருக்காது.

"கிளியர் போடாம குடுத்தா நம்மளத்தான் ஏசுவாங்க" என்று மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஆனாலும் கரண்ட் வரும் நேரம் பார்த்து, மெல்லிய பூச்சாக ஒவ்வொன்றாக அடித்தார். தேய்த்து முடித்தபோது தன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

காரை எடுக்க அண்ணனும் தங்கையும் சேர்ந்து வந்தார்கள். அதற்குள் அண்ணன் ஆள் அனுப்பி எஞ்சினையும் ஓட வைத்திருந்தார். அண்ணன் பார்த்ததும், "ஆமா, இதேதான்" என்றார். ஸயாமா ஒரு சுற்று சுற்றி வந்தார். "எனக்கு இது பழகக் கொஞ்ச நாளாகும்" என்று சொல்லி முன்சீட்டில், ஓட்டப்போகும் அண்ணன் பக்கத்தில் ஏறிக்கொண்டார்.

கார் தெருமுனையில் வெயிலுக்குள் திரும்பியது. அங்கே அந்தப் பச்சை கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தது. ஏன் அப்படி என்று மச்சானைக் கேட்டேன். அவர் தன் போனில் எடுத்த படத்தைக் காட்டினார், அதில் அது வேறொரு பச்சை.