பெத்லகேமில் பாதி

ரொட்டிக்கடை அக்காவுக்கும் பக்கத்தில் கறிக்கடை வைத்திருக்கும் அவள் தம்பிக்கும் ஏழாம் பொருத்தம். அப்பா கட்டிய வீட்டை நடுவில் சுவர் எழுப்பிப் பிரித்துக்கொண்டார்கள். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும், அவ்வளவு மெல்லிய சுவர். பிரிக்க முடியாமல் போனது, வீட்டு நெற்றியில் அப்பா சிமெண்டில் பதித்த 'பெத்லகேம்' என்ற பெயர் ஒன்றுதான். 'பெத்' அக்கா பக்கமும் 'லகேம்' தம்பி பக்கமுமாக நின்றன.

புருஷன் கைவிட்டு ஓடியதும் பிறந்த வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டியவள் அக்கா. அவள் பிசைவது மாவையா தம்பியையா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும். அத்தனை கோபத்திலும் ரொட்டி மட்டும் பஞ்சாக வந்தது. 'பெத்லகேம் ரொட்டி' என்றால்தான் ஜனங்களுக்குத் தெரியும். தெருமுனையில் கண்ணாடி போட்ட புதுக் கடை வந்துவிட்ட நேரத்தில் அந்தப் பெயரும் போனால் அவள் அடுப்பை அணைக்க வேண்டியதுதான். அது தெரிந்தேதான் தம்பி வந்து நின்றான்.

"பெத்லகேம் கறிக்கடைன்னு போர்டு வைக்கப்போறேன். உன் பக்கத்து எழுத்தைக் கொத்தி எடுத்துடு."

"பெத்லகேம்னா ரொட்டி வீடுடா. வேதபாட வகுப்புல தூங்கிட்டு இருந்தியா?"

"அது எபிரேயத்துல. அரபியில கறி வீடு. அரபு நாட்டுல வேலை பார்த்துட்டு வந்த ஒருத்தரு சொன்னாரு."

"உனக்கு நம்ம பாஷையே தகராறு. இதுல அரபி வேறயா?"

கடைசியில் போதகரை இழுத்து வந்தார்கள். அவர் யார் பக்கம் சொல்கிறாரோ அவருக்கே பெயர், மற்றவர் எழுத்தைக் கொத்திவிட வேண்டும் என்று பேச்சு. பாவம், மனிதர் அக்கா திணித்த ரொட்டிப் பொட்டலம் ஒரு கையிலும், தம்பி திணித்த கறிப் பொட்டலம் மறு கையிலுமாக வாசலில் நின்று முழித்தார்.

"ரெண்டு பேரு சொல்றதும் சரிதாம்மா. லகேம்ங்கிறது எபிரேயத்துல ரொட்டி, அரபியில அதோட கூடப்பிறந்த வார்த்தைக்குக் கறின்னு அர்த்தம். அதுக்கும் முந்தி ஏதோ ஒரு பழைய தெய்வத்தோட பேரா இருந்திருக்கும்னும் சிலர் சொல்றாங்க." கொஞ்சம் தயங்கினார். "அதே வேர்லதான் எபிரேயத்துல சண்டைக்கும் வார்த்தை வருது."

"எல்லாம் லகேம்லயே இருக்கு. அப்போ பெத்?" என்றாள் அக்கா.

"பெத்னா வீடு."

அக்கா இடுப்பில் கை வைத்தாள். "கேட்டியாடா? வீடு என் பக்கம், சண்டை உன் பக்கம். வெச்சுக்கோ!"

தெருவே சிரித்தது. தம்பிக்கு முகம் செத்துப்போனது. உள்ளே போய் ஏணியும் சுத்தியலும் கொண்டுவந்தான்.

"உன் பேரும் வேணாம், உன் உறவும் வேணாம்!"

தன் பக்கத்து எழுத்தை ஒவ்வொன்றாக அடித்து உதிர்த்தான். அப்பா கையால் பதித்த எழுத்து துண்டு துண்டாக விழுவதை அக்கா வாசலில் நின்று பார்த்தாள்.

மறுநாள் ரொட்டி வாங்க வந்த ஒருத்தி அண்ணாந்து பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, 'பெத்'னு பாதியில நிக்குது? உங்கம்மா எத்தனை பேரைப் பெத்தாங்க?"

"ரெண்டு" என்று வாய்வரை வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் கறி வெட்டிக்கொண்டிருந்தான்.

"ஒண்ணுதான்" என்றாள் அக்கா, அவனுக்குக் கேட்கும்படி.