மூச்சை எண்ணாத மதியம்

கர்ர்ர்ர்... டொப்.

காலை எட்டேகாலுக்கு எங்கள் கே.கே. நகர் தெருவில் ஒரு பள்ளிக்கூட வேன் வந்து நின்று, பக்கவாட்டுக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு போகிறது. பழைய ஆம்னி. அந்தக் கதவு பாதியில் ஓர் இடத்தில் சிக்கி, ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் போய் அடையும். தோசைக் கரண்டியோடு நான் அப்படியே நின்றுவிடுகிறேன். தோசை தீய்கிறது. இந்த வீட்டில் தோசை தீய்வதற்கு ஒரு காரணம் உண்டு என்று யாரிடமாவது சொல்லியாக வேண்டும், உங்களிடம் சொல்கிறேன்.

அந்தச் சத்தத்துக்குள் நான் ஒன்பது மாதம் குடியிருந்தேன்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஐ.சி.யூ. நர்ஸ். வீட்டில் குக்கர் விசில் அடித்தால் எந்தப் படுக்கை என்று தேடுவேன். பஸ்ஸில் எதிர்சீட்டில் தூங்குகிறவரின் மூச்சை எண்ணுவேன். சர்ச்சில் எல்லோரும் கண்ணை மூடி ஜெபிக்கும்போது, நான் மட்டும் கண்ணைத் திறந்து முன்வரிசை முதுகுகள் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். என் கணவர் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். தூக்கத்தில் அவருக்கு நிமிடத்துக்குப் பதினான்கு மூச்சு. அதை எண்ணிப் பார்த்தால்தான் எனக்குத் தூக்கம் வரும். கொரோனாவின் இரண்டு அலைகளுக்குப் பிறகு எண்ணிப் பார்த்தும் வரவில்லை. ஒருநாள் அவர் மீசையை எடுத்திருந்தார். எடுத்து நான்கு நாளாயிற்று என்று பக்கத்து வீட்டம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பதினான்கு மட்டும் அப்படியே நினைவிலிருந்தது. அன்றைக்குத்தான் பயந்தேன்.

வேலையை விட்டேன். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி ஏற்றி ஓய்ந்துபோன ஆம்னி ஒன்றை வாங்கினேன். பின்சீட்டுகளைக் கழற்றிப் பலகை போட்ட பிறகும் புளிசாதமும் பென்சில் சீவலும் கலந்த வாசனை போகவில்லை. கண்ணாடியில் யாரோ ஒரு பிள்ளை ஒட்டிய தங்க நட்சத்திரத்தை நானும் எடுக்கவில்லை. "கொஞ்ச நாள் எங்கயாச்சும் போயி இருந்துட்டு வாரேன்" என்றேன். "சரி, போயிட்டு வா" என்றார். வேனில் சமைக்க வாங்கிய சின்ன அடுப்பின் கேஸ் டியூபை மூன்று முறை சோப்பு நுரை தடவிப் பார்த்துக் கொடுத்தார். ஏன், எங்கே, எப்போது திரும்புவாய் என்று ஒரு கேள்வி இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. கேட்பதற்கு வேறு ஆளும் இல்லை. அந்த 'சரி' பிரியத்தில் வந்ததா, விட்டது தொல்லை என்று வந்ததா? ஸ்டெப்னியோடு சேர்த்து இந்தக் கேள்வியையும் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.

ஆனையூர் தாண்டி, வடக்கே சிறுமலை நீலக்கோடாகத் தெரிகிற இடத்தில் ஒரு கண்மாய். கரையில் வேப்பமரம். முதல் விடியலில் கதவை இழுத்தேன். பாதியில் சிக்கியது. அந்த அரைக்கதவு அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அதன்மேல் வெள்ளை மூட்டைகள் மாதிரி ஏதோ கிடந்தன. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூட்டைகளுக்குச் சிறகு முளைத்தது. கூழைக்கடாக்கள். அத்தனை கனம் தண்ணீரை அறைந்து அறைந்து ஓடி, ஏதோ ஓர் அடியில் கனமில்லாமல் போனது. கோரை மூச்சுவிட்டது, சேறு மூச்சுவிட்டது, தவளைகள் தொண்டை நிறைய மூச்சுவிட்டன. எந்தக் குழாயும் இல்லை, எந்த எந்திரமும் கூவவில்லை. உலகத்தில் ஒவ்வொரு மூச்சையும் நாங்கள்தான் இழுத்துவிடுகிறோம் என்று இருபத்திரண்டு வருடம் நினைத்திருந்தவள், பல் தேய்க்கவும் மறந்து அரைக்கதவில் உட்கார்ந்திருந்தேன். வெயில் கால் வரைக்கும் வந்துவிட்டது.

"என்ன யாவாரம்?"

கேட்டது பாண்டியம்மா. கண்மாயில் நூறுநாள் வேலைக்கு வருகிற பெண்களுக்கு ஆஜர் எடுப்பவர். கழுத்தில் விசில், கையில் நோட்டு. அந்தப் பக்கம் வந்து நிற்கிற எந்த வேனும் எதையாவது விற்கும். உப்பு, பிளாஸ்டிக் குடம், கோழிக்குஞ்சு. பின்னால் இரண்டு பேர் எடைக்குப் போடப் பழைய இரும்போடு வந்திருந்தார்கள். ஒன்றும் விற்கவில்லை, இங்கேதான் இருக்கப்போகிறேன் என்றேன்.

"வீட்ல சண்டையா?"

"சண்டையெல்லாம் இல்லக்கா."

"சண்ட இல்லாமத்தான் ஒருத்தி வண்டியில வந்து குடியிருப்பாளாக்கும்."

பொய் சொல்கிற நோயாளியைப் பார்த்து நான் தலையாட்டுவேனே, அதே மாதிரி தலையாட்டினார். வேனைக் கரையை ஒட்டியிருந்த தன் வீட்டுக்கு எதிரே நகர்த்தச் சொன்னார். குளிக்க அவர் வீட்டுக் குளியலறை. காலையில் கரையில் பெயர் வாசித்து முடித்ததும் கடைசியாக "நர்சம்மா" என்பார். "இருக்கேன்" என்று வேனிலிருந்து குரல் கொடுப்பேன். மண்வெட்டிகளோடு எல்லோரும் சிரிப்பார்கள். இருப்பதைத் தவிர அந்த வேலையில் எனக்கு வேறு வேலை இல்லை. எனக்கு அது கடைசிவரை ஆச்சரியமாகவே இருந்தது.

எட்டு மாதம் போனது. என் கணவர் வாரம் ஒருமுறை போன் செய்வார். டயரில் காற்று இருக்கிறதா என்று கேட்பார். வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையே வெறிச்சென்றிருந்தது. மதியம் ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. பாண்டியம்மா இறங்கினார், இன்னும் மூன்று பெண்கள் இறங்கினார்கள், கடைசியாக என் கணவர் இறங்கினார். சர்ச்சுக்குப் போட்ட வெள்ளைச் சட்டை, கையில் ஒரு தூக்குவாளி.

நடந்தது இதுதான். பேச்சுவாக்கில் நான் சொன்ன தெருவையும் நீலக் கேட்டையும் வைத்து விசாரித்துப் போயிருக்கிறார்கள். அவர் ரசம் வைத்துக்கொண்டிருந்தாராம். நாலு பேருக்கு வாத்தியாராக இருந்துகொண்டு பெண்டாட்டியை ரோட்டில் விடலாமா என்று அரைமணி நேரம் வைதிருக்கிறார்கள். ஒரு பாவமும் அறியாத மனுஷர் எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்துவிட்டு, "தப்புதாங்க" என்றிருக்கிறார். அடுப்பை அணைத்து, ரசத்தைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டார்.

"இந்தா, கூட்டியாந்துட்டோம். பேசிக்கிருங்க. நாங்க அங்கிட்டு நிக்கிறோம்" என்றார் பாண்டியம்மா. அங்கிட்டு என்பது காது கேட்கிற தூரம்.

வேன் படியில் உட்கார்ந்தோம். எனக்குச் சிரிப்பு வந்தது.

"நீங்களா ஏன் ஒரு தடவகூட வரல?"

அவர் தூக்கின் மூடியைத் திறந்து மூடினார்.

"நீ எதுலருந்து தப்பிச்சுப் போறேன்னு எனக்குத் தெரியல. அதுல நானும் ஒண்ணோன்னு பயமா இருந்துச்சு. கேட்டா, ஆமான்னு சொல்லிருவியேன்னு கேக்கல."

"கேட்டிருக்கலாம்."

"இவுக வந்து கேக்கவும்தான் தைரியம் வந்துச்சு."

அந்தப் பக்கமிருந்து பாண்டியம்மா குரல் கொடுத்தார்: "ரசம் ஆறுதுல்ல, குடிங்க."

குடித்தோம். உப்புக் கொஞ்சம் தூக்கல். சாப்பிட்டதும் அவர் பலகையில் சாய்ந்து தூங்கிப்போனார். நான் படியில் கண்மாயைப் பார்த்தபடி இருந்தேன். நாலு மணி வாக்கில் கூழைக்கடாக்கள் திரும்பின. ஒவ்வொன்றும் காலை முன்னால் நீட்டி, தண்ணீரில் ஒரு நீளக் கோடு கிழித்து நின்றது. அப்போதுதான் உறைத்தது. எனக்குப் பின்னால் ஒருவர் இரண்டு மணி நேரமாகத் தூங்குகிறார். நான் எண்ணவில்லை. திரும்பினேன். வாய் லேசாகத் திறந்திருந்தது. மீசை திரும்ப வளர்ந்து பாதி நரைத்திருந்தது. அந்த முகத்தைப் புதிதாக ஒரு ஊருக்கு வந்தவள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஒரு மாதம் ஞாயிறுதோறும் தூக்குவாளியோடு வந்தார். கண்மாய் வற்றி, பறவைகள் போனதும் நானும் கிளம்பினேன். இப்போது பக்கத்துக் கிளினிக்கில் காலை மூன்று மணி நேரம் ரத்த அழுத்தம் பார்க்கிறேன், அது போதும். வேனை ஒரு இளநீர்க்காரர் வாங்கிப் போனார். போன மாதம் ஆனையூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். அப்படியே போய்ப் பார்த்தோம். கரையை ஒட்டி மனைக்கல் ஊன்றி மஞ்சள் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். வேம்பு இருந்த இடத்தில் ஒரு வளைவு, அதில் ஒரு நகரின் பெயர். பாண்டியம்மா மகனோடு திருப்பூர் போய்விட்டாராம். என்னிடம் இருந்த நம்பர் உபயோகத்தில் இல்லை. இத்தனை வருடத்தில் நாங்களும் சின்னச் சின்னதாகச் சண்டை போட்டிருக்கிறோம். ஒரு தடவையாவது அங்கே போயிருக்க வேண்டும்.

கிளம்பிய அன்று, வேனின் கதவைப் பாண்டியம்மாதான் இழுத்துச் சாத்தினார். பாதியில் சிக்கியது. அந்த இடைவெளிக்குள் முகத்தை நீட்டினார்.

"சண்ட வந்தா இங்கன வந்துரு ஆத்தா" என்றார். பிறகு கதவை ஒரு தள்ளுத் தள்ளும் முன்னால்,

"வராட்டியும் வா."