அம்மாவின் கிட்னியும் பென்னியின் கழுத்தும்

என் தம்பி பென்னி கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி ஆலையில் கிரேன் ஓட்டினான். தரையில் நின்று ஓட்டுகிற கிரேன் இல்லை. கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் நகர்கிற கிரேன். இரும்பு ஏணியில் ஏறிப் போய்க் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார வேண்டும். எங்கள் அப்பா அருணாச்சலம் கடைசி வரை அடுத்தவர் கழனியில் கூலி வேலை செய்தவர். நான் பத்தாவதோடு நின்றேன். லைசென்ஸ் எடுத்து அந்தக் கூண்டுக்குப் போனவன் எங்கள் குடும்பத்தில் பென்னி ஒருவன்தான். லாரி மேல் அவன் கம்பிக் கட்டை இறக்கினால் டிரைவர் கையில் இருக்கும் டீ கூட ஆடாது என்று ஆலையில் சொல்வார்கள். அக்கா என்பதால் நான் கூட்டிச் சொல்லவில்லை. அந்த டிரைவர்களே என்னிடம் சொன்னது.

இரண்டு கிட்னியும் போனபோது அவனுக்கு முப்பத்தொரு வயது. கல்யாணப் பேச்சு அத்தோடு நின்றது. அம்மா சின்னப்பொண்ணு தன் கிட்னியில் ஒன்றைக் கொடுத்தார். சென்னையில் ஆபரேஷன் நடந்தது. இருவரும் நன்றாகத் தேறினார்கள். ஒரு வருடம் போகட்டும், ரத்தப் பரிசோதனை எல்லாம் நிலையாக இருந்தால் கிரேனுக்குப் போகலாம், ஆனால் இரும்பு உருக்கும் உலைப் பக்கம் கூடாது என்றார் டாக்டர். ஃபோர்மேன் குப்புராஜ், கம்பி ஏற்றுகிற பகுதியில், சூடு இல்லாத கிரேனைத் தருவதாக வாக்குக் கொடுத்தார். அதுவரை லாரி எடை மேடையில் உட்கார்ந்து எடைச் சீட்டு எழுதச் சொன்னார். பென்னி அங்கே உட்கார்ந்திருப்பான், கண் மட்டும் கூரையில் இருக்கும். நல்ல சாப்பாடு, சினிமா, எதையும் அவன் கேட்கவில்லை. "மேல போனா போதும்க்கா" என்பான்.

சித்திரை வெயிலில் அவன் ஸ்வெட்டர் போட ஆரம்பித்தான்.

எங்கள் அம்மாவுக்கு எப்போதும் குளிரும். ஃபேன் போட்டால் எழுந்து போய்விடுவார். பேச்சும் நடையும் நிதானம். சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவார். பென்னி அப்படியே நேர்மாறு. ஏணியில் இரண்டிரண்டு படியாக ஏறுகிறவன். அவன் இப்போது போர்வையோடு உட்கார்ந்து, ஒவ்வொரு கேள்விக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். பக்கத்து வீட்டு முத்தம்மாதான் முதலில் ஆரம்பித்தது.

"இன்னாடி சின்னப்பொண்ணு, உன் கிட்னி உள்ள பூந்து புள்ளய உன்ன மாதிரியே ஆக்கிக்கினு கீது?"

"போடி அந்தாண்ட" என்று அம்மா சிரித்தார். அந்தச் சிரிப்பில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. தன்னுடையது ஒன்று பிள்ளைக்குள் பிடித்துக்கொண்டது என்ற சந்தோஷம்.

பென்னியும் விடவில்லை. "அடுத்து மூக்குத்தி குத்திக்க வேண்டியதுதான். அக்கா, உன்னுத குடு" என்பான்.

இப்படித்தான் நாங்கள் எல்லோரும் நம்பினோம். தெருவில் யாரைக் கேட்டாலும், கிட்னி கொடுத்தவர் குணம் வாங்கியவருக்கு வரும் என்றார்கள். முகம் உப்பியது. அது கிட்னிக்காகப் போடுகிற ஸ்டீராய்டு மாத்திரையால் என்றோம். குரல் தடித்தது. கிருமி ஒட்டாமல் இருக்க மாஸ்க் போட்டுப் பேசிப் பேசி அப்படி ஆனது என்றோம். தலை சீவினால் சீப்பில் கொத்தாக முடி வந்தது. மலச்சிக்கல் வேறு.

செக்கப்புக்குப் போகும்போதெல்லாம் டாக்டர் கேட்பார், "ஏதாவது தொந்தரவு இருக்கா பென்னி?"

"ஒண்ணும் இல்ல மேடம்."

திரும்பும் ரயிலில், பொன்னேரி தாண்டியதும் அம்மா ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார். நான் மெதுவாகக் கேட்டேன். "ஏன்டா, அவ்ளோ இருக்குதே, ஒண்ணு கூடவா சொல்லக் கூடாது?"

"இன்னான்னு சொல்றது? எங்க அம்மா குடுத்த கிட்னி சரியில்லன்னா? பக்கத்துலயே ஒக்காந்துகினு இருக்காங்கோ." பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான், "சொன்னா கிரேன தள்ளிப் போட்டுடுவாங்கக்கா."

அடுத்த பரிசோதனையில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறுகிற கழிவு அது. அதற்கடுத்ததில் இன்னும் ஏறியது. டாக்டரின் முகம் மாறியது. உடம்பு புதுக் கிட்னியை ஏற்காமல் தள்ளுகிறதோ என்று பார்க்க வேண்டும், அட்மிட் ஆகுங்கள், ஊசி போட்டுக் கிட்னியிலிருந்து சிறு துணுக்கு எடுக்கலாம் என்றார்.  

அம்மா எழுந்து நின்று கையெடுத்துக் கும்பிட்டார்.

"அவன் மேல தப்பு இல்ல மேடம். என் கிட்னிதான் அவன என்ன மாதிரி ஆக்கிடுச்சு. எனக்குக் குளுரும், அவனுக்கும் குளுருது. நான் தூங்குவேன், அவனும் தூங்குறான். நான் மெதுவா பேசுவேன், அவன் கொரலும் கட்டிப்போச்சு. பழைய கிட்னிய குடுத்து புள்ளய கெழவன் ஆக்கிட்டேன்."

"ம்மா, சும்மா இரு" என்றான் பென்னி.

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "இதெல்லாம் எப்போலேர்ந்து?" என்று அவனிடம் கேட்டார். இந்த முறை அவனால் ஒன்றும் இல்லை என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் எழுந்து வந்து அவன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். எச்சில் விழுங்கச் சொன்னார். முழங்காலில் சின்னச் சுத்தியால் தட்டினார். கால் எழும்பி, அவசரமே இல்லாமல் இறங்கியது. அன்றைக்கே தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள்.

சுரப்பு மிகக் குறைவாக இருந்தது. டாக்டர் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். "அம்மா, கிட்னியோட குணம் எல்லாம் வராது. இது இவர் கழுத்துல இருக்கிற சுரப்பி. அது சோம்பிப் போனா இதயம் மெதுவா அடிக்கும், கிட்னிக்குப் போற ரத்தம் குறையும், அது வடிகட்டுறதும் குறையும். உங்க கிட்னி தள்ளப்படுதுன்னு சொல்ல இப்ப வேற அறிகுறி இல்லை. ஊசியைத் தள்ளி வைக்கலாம். ஆனா வாரா வாரம் ரத்தம் பார்க்கணும்."

தைராய்டு மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் போட்டு, அரை மணி நேரமாவது எதுவும் தொடக் கூடாது. கால்சியம் மாத்திரை அதன் பக்கத்திலேயே வரக் கூடாது. பல மணி நேரம் தள்ளித்தான். கிட்னி மாத்திரைகள் வழக்கமான நேரத்துக்கு. எல்லாவற்றையும் தனித்தனி டப்பாவில் போட்டு, மேலே பெயர் ஒட்டி வைத்தேன். எழுந்ததும் டீ இல்லாமல் இருக்க முடியாத அம்மா, அவன் குடிக்கும்வரை தானும் தொடுவதில்லை.

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. வாரங்கள் போயின. முதலில் ஸ்வெட்டர் கொடிக்குப் போனது. பிறகு முகம் வற்றியது. கிரியேட்டினின் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பழைய இடத்துக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு நாள் காலையில் அவன் ஃபேனை வேகமாக வைத்தான். அம்மா போர்வையை இழுத்துக்கொண்டு அவனையே பார்த்தார்.

"அப்போ எங்கிட்டேர்ந்து உனக்கு ஒண்ணுமே வரலயாடா?"

"கிட்னி வந்துச்சேம்மா, அது பத்தாதா?" என்றான். அம்மா சிரித்தார். ஆனாலும் தன்னைப் போலக் குளிருக்குப் போர்த்திக்கொண்ட அந்த மகனை அவர் கொஞ்சம் தேடினார் என்றே எனக்குத் தோன்றியது.

ஆயுத பூஜை அன்று ஆலையைத் தொழிலாளர் குடும்பங்களுக்குத் திறந்து விடுவார்கள். நாங்கள் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள், ஆனாலும் வருடா வருடம் போவோம். உலை அணைந்து கிடந்தது. கிரேன் கொக்கிக்கு மாலை போட்டிருந்தார்கள். பூஜை முடிந்ததும் ஒவ்வொரு எந்திரத்தையும் ஒரு முறை ஓட்டிக் காட்டுவது அங்கே வழக்கம். குப்புராஜ் பென்னியைப் பார்த்தார். பென்னி ஏணியைப் பார்த்தான்.

"இன்னும் ஒரு ரிப்போர்ட் இதே மாதிரி வரணும்னு உங்க டாக்டரே எழுதிக்கீறாங்கப்பா. இப்ப மேல ஏத்தி வுட்டா, பூஜை அதுவுமா நான் மாட்டிக்குவேன்" என்றார் குப்புராஜ். "கீழ நின்னு சிக்னல் குடு. வீரராகவன் ஓட்டட்டும்."

இன்னொரு கிரேன் டிரைவரான வீரராகவன் ஏறினான். பென்னி மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு நடுவில் போய் நின்று, கையைத் தூக்கினான். விரலைச் சுழற்றினால் கொக்கி ஏறியது. உள்ளங்கையைத் தாழ்த்தினால் இறங்கியது. மணிக்கட்டைத் திருப்பினால் அத்தனை பெரிய இரும்பும் திரும்பியது. தூக்கம் பிடித்த கை இல்லை அது. சுருக்கமாக, துல்லியமாக, அவனுடைய கை.

"நம்ம பென்னிடி" என்றார் அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு.

கொக்கியில் தொங்கிய கம்பிக் கட்டு, கீழே நின்ற லாரியில் உட்கார்ந்தது. எல்லோரும் பொரியும் சுண்டலும் வாங்கப் போனார்கள். பென்னி அங்கேயே அண்ணாந்து நின்றான். வீரராகவன் இறங்கி வந்துவிட்டான். மேலே கூண்டுக் கதவு திறந்தே கிடந்தது.

"வா நைனா, போலாம்" என்று கூப்பிட்டார் அம்மா.

"இரும்மா" என்றான், தலையைத் தாழ்த்தாமலே. "இன்னும் கொஞ்ச நேரம்."