நடப்பது அவர், எகிறுவது நான்

கேம் என்றால் எனக்கு அப்படி ஒரு ஆசை. இந்த வயதில் அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வெட்கப்படுகிறவர்கள் ஆடாமல் இருக்கட்டும்.

முதன்முதலில் அதைக் கையில் பிடித்தது அம்பத்தூர் எஸ்டேட்டில், அட்டைப்பெட்டி ஒட்டுகிற கம்பெனியில். கூட வேலை செய்தவளின் புருஷன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்திருந்தான். உள்ளங்கை அகலம்தான் இருக்கும். மேலே கோழிகள் முட்டை போடும். கீழே ஒருத்தன் கூடையோடு இங்கும் அங்கும் ஓடிப் பிடிக்க வேண்டும். சாப்பாட்டு நேரம் முழுக்க அது என் கையில்தான்.

"கொஞ்சம் எங்களுக்கும் குடுடி. கோழி இன்னா உன் மாமியார் ஊட்டுக் கோழியா?" என்பாள் அவள்.

கொடுக்க மாட்டேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். பஸ் போர்டைக்கூட எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். கேமில் படிக்க ஒன்றுமில்லை. பார்க்க வேண்டும், நேரம் பார்த்து அமுக்க வேண்டும், அவ்வளவுதான். அந்த நேரம் எனக்குத் தெரியும்.

அது கல்யாணமான புதிது. என் வீட்டுக்காரர் அதே எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பவர் பிரஸ் ஓட்டினார். தகட்டை வைத்து மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கும், வாஷர் வாஷராக வெட்டித் தள்ளும். ஒருநாள் அச்சு இறங்கியபோது அவருடைய வலது கை உள்ளே இருந்தது. சுண்டுவிரல் மட்டும் மிஞ்சியது.

புண் ஆறிவிட்டது. ஆனால் அவர் அந்தக் கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார ஆரம்பித்தார். யாராவது வந்தால் துண்டை இன்னும் இழுத்துச் சுற்றுவார். சோறு தின்பது இடது கையால், அதுவும் ஆள் இல்லாதபோது. நான் எதிரில் போனால் தட்டைத் தள்ளிவிடுவார். பிள்ளை இல்லாத வீடு. அவர், நான், என் மாமியார் மூன்று பேர்தான். மூன்று பேரும் பேசுவதை நிறுத்திவிட்டோம். வருஷக்கணக்காக எனக்கு ஒரே கவலை. அந்தத் துண்டிலிருந்து கை வெளியே வர வேண்டும். கை வந்துவிட்டால் பின்னாலேயே மனிதரும் வந்துவிடுவார் என்று நம்பினேன்.

என் தம்பி ஆவடியில் ஒரு டிவி ரிப்பேர் கடையில் இருந்தான். தொண்ணூறுகள் பிறந்தபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை பை நிறைய ஒயரோடு வந்து நின்றான்.

"இன்னாக்கா, மாமாவ இப்டியே குந்த வச்சினு கீற? சாமி செலையா அவரு?"

"அது கெடக்கட்டும். நீ இன்னா எடுத்துகினு வந்துகீற?"

"கேமுக்கா. டிவியில ஆடறது. இத்தப் பாத்தின்னா நீ சோறாக்க மாட்ட."

ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதைச் சொருகினான். கேசட்டை வாயால் ஊதி உள்ளே அழுத்தினான். டிவியில் ஒரு சின்ன ஆள் வந்து நின்றான். கையில் பிடிக்கிற கட்டையில் இடது பக்கம் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன், அதை அமுக்கினால் ஆள் நடப்பான். வலது பக்கம் ஒரு சிவப்புப் பட்டன், அதை அமுக்கினால் எகிறுவான். வழியெல்லாம் பள்ளம். எகிறாவிட்டால் உள்ளே விழுந்து உயிர் போய்விடும். ஆனால் அவனுக்கு மூன்று உயிர். ஒன்று போனால் இன்னொன்றில் வந்து நிற்பான்.

தம்பி அந்தக் கட்டையைக் கொண்டுபோய் நேராக அவர் மடியில் வைத்தான். அதை எடுத்துவிடக் கை நீட்டினேன்.

"ஒத்தக் கையிக்காரனாண்ட குடுக்கறான் பாரு," என்றார் அவர். அவர் அத்தனை வார்த்தை சேர்த்துப் பேசிக் கேட்டு எத்தனை நாளோ ஆகியிருந்தது.

"உனுக்கு ஒண்ணு, அக்காவுக்கு ரெண்டு, ஆக மூணு கையி கீது. கேமுக்கு ரெண்டே போதும், மாமா. நீ நட, அக்கா எகிறட்டும்."

கட்டை என் முட்டிக்கும் அவர் முட்டிக்கும் நடுவில் வந்து உட்கார்ந்தது. அவர் நடந்தார். நான் எகிறுவதற்குள் ஆள் பள்ளத்தில் போய்விட்டான்.

"யோவ், கொஞ்சம் நிக்கறதுக்கு இன்னா?"

"நீ எகிறறதுக்கு இன்னா?"

"செத்துட்டான், செத்துட்டான்!" என்று தம்பி கை தட்டினான். சாயங்கால விளக்கை ஏற்றிவிட்டு வந்த மாமியார் அவன் முதுகிலேயே ஒன்று போட்டார்.

"வௌக்கு வச்ச ஊட்ல இன்னாடா சாவுப் பேச்சு? ஊருக்குப் போயிட்டான்னு சொல்லு."

அன்றிலிருந்து எங்கள் வீட்டு கேமில் யாரும் சாகவில்லை. பள்ளத்தில் விழுந்தால் ஊருக்குப் போயிட்டான். மறுபடி வந்து நின்றால், "தோ, வந்துட்டான் பாரு, பஸ்ஸு உடனே கெடச்சிருக்கும்" என்பார் மாமியார்.

நான் வேலை விட்டு வந்து முகம் கழுவியதும் ஆட்டம். போகப் போக அவருக்கு ஒரு பழக்கம் வந்தது. பள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததும் ஆளை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் தலையசைத்தால்தான் ஓடுவார். ஓடியதும் நான் எகிறுவேன். பெண் பார்க்க வந்தபோதுகூட அவர் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

தெருவுக்குப் பொறுக்குமா? எங்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த வீட்டுக்கார அம்மா குழாயடியில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: "புருஷன் கையி போயி குந்திகினு கீறான், இவுளுக்கு கேமு கேக்குது."

"ஆமா. அவரு நடக்கறாரு, நான் எகிறறேன். உன் ஊட்டுக்காரு உன்கூட தெருமுனை வரிக்கும் நடந்துகீறாரா?" என்றேன். குழாயடியே சிரித்தது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்து நடந்து வந்தேன்.

ஒருநாள் வரிசையாகப் பள்ளம் வருகிற ஒரு இடம். நிற்கவே முடியாது. கடைசி உயிர். கட்டை முட்டியிலிருந்து நழுவியது. அவர் "ஐயோ" என்று துண்டு சுற்றிய கையைக் கொண்டுவந்து அடியில் தாங்கிப் பிடித்தார். துண்டு அவிழ்ந்து தரையில் விழுந்தது. நான் குனிந்து பார்க்கவில்லை. எகிறிக்கொண்டே இருந்தேன். அந்த இடம் தாண்டியபின்தான் அவர் தன் கையைப் பார்த்தார். துண்டை எடுக்கவில்லை. அடுப்படியிலிருந்து மாமியார் மூக்கைச் சிந்துகிற சத்தம் மட்டும் கேட்டது.

அப்புறம் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். முதலாளி கார் வந்தால் அந்த வலது கையைத் தூக்கித்தான் சலாம் வைப்பார். நான் பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்திருக்கிறேன்.

அது கொஞ்ச காலம்தான். கண் மஞ்சளானது, வயிறு வீங்கியது. பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நானும் தம்பியும் மாறி மாறிக் கூட இருந்தோம். ஒரு காலையில் குளித்து மாற்றிக்கொண்டு கஞ்சி எடுத்துப்போக நான் வீட்டுக்கு வந்திருந்தேன். கஞ்சியைத் தூக்கில் ஊற்றும்போது தம்பி வந்து நின்றான். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா."

"இருடா, ஆறட்டும். சூடா எடுத்துகினு போனா அவரு குடிக்க மாட்டாரு."

"அக்கா, மாமா ஊருக்குப் போயிட்டாருக்கா."

வேறு எந்த வார்த்தையில் சொல்லியிருந்தாலும் எனக்கு உடனே விளங்கியிருக்கும். இந்த வார்த்தை சாயங்கால வார்த்தை, சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகிய வார்த்தை. தூக்கின் மூடியை அழுத்திக்கொண்டே நான் கேட்டேன்: "இன்னும் உசுரு கீதில்ல?"

தம்பி வாசற்படியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டான். அதைப் பார்த்தபின்தான் எனக்குத் தெரிந்தது.

அவன் மேல் எனக்குக் கோபமில்லை. எங்கள் வீட்டில் அதற்கு வேறு சொல் இல்லாமல் போயிருந்தது. மாமியார் அதற்கப்புறம் அந்தச் சொல்லையே எடுக்கவில்லை. யாராவது நிஜமாகவே ஊருக்குக் கிளம்பினாலும் "வரேன்னு சொல்லிட்டுப் போ" என்று வாசல் வரை பின்னாலேயே போவார்.

காரியமெல்லாம் முடிந்து வெகுநாள் கழித்து டிவி கேமைப் போட்டுப் பார்த்தேன். கட்டையை இரண்டு கையிலும் நான்தான் பிடித்திருந்தேன். எகிறுகிற கைக்கு எல்லாம் தெரிந்தது. நடக்கிற கைக்கு ஒன்றும் தெரியவில்லை. முதல் பள்ளத்திலேயே விழுந்தான். மறுபடி வந்தான், மறுபடி விழுந்தான். ஒயரைச் சுற்றி எடுத்து வைத்துவிட்டேன்.

இப்போது தம்பி ஒரு போன் வாங்கித் தந்திருக்கிறான். அதில் ஒரு கேம். "இதுக்கு ரெண்டு கையி வாணாக்கா, ஒரு வெரலு போதும். ஆளு தானாவே ஓடுவான். நீ எகிறினா போதும்," என்றான். மத்தியானத்தில் ஆடுகிறேன். நன்றாகத்தான் ஆடுகிறேன், தம்பியால் என்னைத் தாண்ட முடியவில்லை. ஆனால் இந்த ஆள் எங்கேயும் நிற்பதில்லை. எத்தனை பெரிய பள்ளம் வந்தாலும் என்னைப் பார்க்காமலே ஓடிவிடுகிறான். நான் மட்டும் ஒவ்வொரு ஓரத்திலும் தலையை அசைத்துக்கொண்டிருக்கிறேன்.