சன்னலோரச் சீட்டும் துர்காவின் எலும்பும்

பாலோ என்ற சின்ன ஊரில் பள்ளி வேன் ஓட்டுகிறேன். சன்னலோரச் சீட்டுக்கு என் வேனில் நடக்கும் சண்டை நாடாளுமன்றத்தில்கூட நடக்காது. அந்தச் சீட்டைத் துர்காவுக்கென்றே பிடித்துக் கொடுத்தவர் அவள் அம்மா மல்லிகா.

துர்காவுக்குப் பத்து வயது. முட்டியிலும் கணுக்காலிலும் மூட்டுவாதம். கிழவர்கள் வியாதி இவளுக்கு எப்படி என்று கேட்டேன். பிள்ளைகளுக்கும் வருமாம், வருஷக்கணக்கில் இருக்குமாம். அதற்குச் சாப்பிடும் ஸ்டீராய்ட் மாத்திரை எலும்பை மெலிய வைக்குமாம். அதனால் டாக்டர் வைட்டமின் டி சொட்டு மருந்து கொடுத்து, கொஞ்சம் வெயிலும் படட்டும் என்றிருக்கிறார்.

மல்லிகாவுக்குப் பக்கத்து டவுன் குளுவாங்கில் ஃபேக்டரி வேலை. பிள்ளையை வெயிலில் நிறுத்த ஏது நேரம்?

"அண்ணே, வீட்டுக்கு வர்றப்ப வெயில் விழுற பக்கம் உட்கார வைங்க. திரையை மட்டும் இழுத்துறாதீங்க."

வைத்தேன். ஏற்றுவதும் இறக்குவதும் நானே தூக்கித்தான். முதுகுவலி எனக்கு, சவாரி அவளுக்கு. சீட்டிலேயே வைட்டமின் வருகிறதே என்று மல்லிகா சொட்டு மருந்தை நிறுத்திவிட்டார். அது எனக்குத் தெரியாது.

ஒரு நாள் துர்கா குளியலறை வாசலில் லேசாக வழுக்கி, கையை ஊன்றினாள். மணிக்கட்டு எலும்பில் விரிசல். அப்படி விழுந்தால் என் வீட்டுத் தட்டுகூட உடையாது.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் வண்டி ஓட்டினேன். டாக்டர் தமிழ்ப் பெண். ரத்தத்தில் வைட்டமின் ரொம்பக் குறைவு, இப்படியே போனால் இன்னும் உடையும் என்றார். மல்லிகா விடவில்லை. சாட்சிக்கு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"தினமும் வெயில்லதான் உட்கார்றா டாக்டர். அண்ணனைக் கேளுங்க."

"சன்னல் திறந்திருக்குமா அங்கிள்?"

"ஏர்கோன் வண்டிலா. கண்ணாடி எப்பவும் மூடித்தான் இருக்கும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். கண்ணாடி வெளிச்சத்தை விடும், சூட்டை விடும், வைட்டமினை உண்டாக்கும் கதிரை விடாது என்றார். சொட்டு மருந்தை நிறுத்தவே கூடாது. பாலும் நெத்திலியும் சாப்பிட வேண்டும். கை ஆறியதும், மூட்டு வீங்காத நாளில் நடக்க வேண்டும். சும்மா இருந்தால் எலும்பு இன்னும் இளைக்குமாம்.

துர்கா என்னைப் பார்த்தாள். "அப்ப நீங்க தூக்குனதும் வேஸ்ட்டா?"

மல்லிகா "அலமாக்" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கட்டுப் பிரித்த பிறகு, பள்ளி விட்டதும் கேட்டிலிருந்து திடல் மூலை வரை அவள் நடந்தாள். நான் வேனைப் பின்னால் உருட்டினேன். உள்ளே மற்றதுகள் பசிக்குது என்று கத்தின. என்ன ஊர்வலமா என்றார் காவலாளி. ஆமாம், சாமி நடந்து போகுது, தேர் பின்னால் வருது என்றேன்.

அடுத்த ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் ஏறியிருந்தது. டாக்டர் சொட்டு மருந்தால் என்றார். மல்லிகா தன் நெத்திலிச் சம்பலால் என்றார். என் வேன் பேரை யாரும் சொல்லவில்லை.

நான் கற்றது இவ்வளவுதான். வேனில் மருந்து கிடையாது, ஏர்கோன் மட்டும்தான். இப்போதெல்லாம் காலையில் சொட்டு மருந்து குடித்தாயா என்று கேட்காமல் கதவைத் திறப்பதில்லை. படியில் அவளே ஏறுகிறாள். பழக்கத்தில் கையை நீட்டினால் தட்டிவிடுகிறாள்.

"உங்க முதுகைப் பாருங்க அங்கிள்."